இணையக் கம்பெனிகளும் சந்தாதாரர் குறைகளும்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலும், திருப்போரூர் முதல் செங்கற்பட்டு வரையிலும், நமது ஜில்லாவில் நான்கு பேர் கூடுமிடத்தில் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேச்சு எழுவதற்கு முன்பே இணையக் கம்பியைப் பற்றிய பேச்சு எழுந்துவிடுகிறது. பிராட்பேண்ட் என்று வழங்கும் அகலக்கற்றை இணையத்துக்கு மாதந்தோறும் சந்தா செலுத்தும் குடும்பங்கள் தத்தம் கம்பெனிகளைக் குறித்து என்ன அபிப்பிராயம் கொண்டிருக்கின்றன என்பதை அறிய விசாரணைக் கமிஷன் ஒன்றும் வேண்டுவதில்லை. மாலை ஏழு மணிக்கு எந்தத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தாலும் அது காதில் விழும்.

கம்பெனிகளும் அபிப்பிராயம் கேட்கத்தான் செய்கின்றன. குறையைத் தெரிவித்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சந்தாதாரரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. “தங்கள் குறை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நக்ஷத்திரம் அளிப்பீர்கள்?” என்று அதில் வினயமாகக் கேட்டிருக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள பெட்டியிலோ சிவப்பு விளக்கு எரிந்தவண்ணம் இருக்கிறது. ஆள் வரவில்லை, கம்பி பார்க்கப்படவில்லை, ஆனால் ஏட்டில் குறை தீர்ந்துவிட்டது. இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கும் தந்திரம் எவ்வளவு பெரியது என்பதைப் பின்னர் கூறுவோம்.

இந்தக் கடற்கரையின் நிலைமையை வெளியூர் நேயர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சீபுரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவான செங்கற்பட்டின் வடகிழக்கு மூலையில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, சிறுசேரி முதலிய இடங்களில் உலகத்தின் கணக்குகளை எழுதிக் கொடுக்கும் பெருங்கட்டிடங்கள் நிற்கின்றன. சிங்கப்பூரினின்றும் மேல்நாடுகளினின்றும் கடலடியில் வரும் கம்பிகள் சென்னையில் கரையேறுகின்றன. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட, அந்தமானுக்குச் செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பியும் சென்னையினின்றே புறப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது, 180-க்கு மேற்பட்ட நாட்டார் நகர்த்திய காய்கள் பூமியின் மறுகோடியிலும் தெரிந்தன. ஆகவே, இந்தப் பூமியில் கம்பி இழுக்க முடியாது, உப்புக் காற்றில் சமிக்ஞை செல்லாது என்றெல்லாம் கூறுவார் கூற்றை யாம் ஏற்பதற்கில்லை. இரண்டு வார விழாவுக்குத் தடையின்றி வந்த பொருள், ஆண்டு முழுவதும் காசு கொடுக்கும் தேவனேரிவாசிக்கும் கொக்கிலமேட்டுவாசிக்கும் ஏன் தடைப்பட்டுத் தடைப்பட்டு வருகிறது என்பதே கேள்வி.

சந்தாதாரர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சார்ந்தவை. பகலில் ஓடும் இணையம் அந்தி சாய்ந்ததும் நொண்டுகிறது என்பது முதற்குறை. மழை தூறினால் நின்றுவிடுகிறது என்பது அடுத்தது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ சேர்த்துக் கட்டினால் சலுகை உண்டு என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, பின்னர் தொலைபேசியை எடுப்பதில்லை என்கிறார் ஒருவர். எல்லையற்றது என்று விளம்பரம் செய்துவிட்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள் என்கிறார் இன்னொருவர். கூப்பிட்ட தொலைபேசியில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஓர் இயந்திரம் உத்தரவிடுகிறதேயன்றி மனிதக் குரல் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் பொதுவான புகார். வயது முதிர்ந்தோருக்கு இந்தக் கடைசி உபத்திரவம் மற்ற எல்லாவற்றினும் கொடிது.

இவற்றை அற்ப விஷயங்களென்று ஒதுக்குவோர் சிலர் இருக்கக் கூடும். படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் உண்டான சாதனத்துக்காகவா தலையங்கம் என்று அவர்கள் வினவலாம். 2020-ஆம் ஆண்டில் நோய்க்கொடுமையால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஏழைப் பிள்ளைகளின் கல்வி என்னவாயிற்று என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பார்களாக. மறு ஆண்டில் கல்லூரி மாணவர் ஒன்பது லக்ஷத்துக்கு மேற்பட்டோருக்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் வீதம் இலவசமாக வழங்க மாகாண சர்க்கார் முன்வந்தது, இணையம் கல்விக்கு இன்றியமையாதது என்பதை ஒப்புக்கொண்டதன்றி வேறென்ன? பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, பிறப்புச் சான்று ஆகிய யாவும் இன்று கம்பி வழியே நடைபெறுகின்றன. நியாயஸ்தலங்களிலும் வழக்குகளை மின்வழியே தாக்கல் செய்யும் முறை வந்துவிட்டது. காலவரையறைக்குக் கடைசி நாளன்று, மனு பாதி ஏறிய நிலையில், எமது காரியாலயத்துக் கம்பி இறந்துபோய், குமாஸ்தா ஒருவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் அலைந்த மாலைப் பொழுது எமக்கு நினைவிருக்கிறது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாத விஷயம். எந்தக் கம்பெனியாயினும் அன்று அவ்வாறே நடந்திருக்கும் என்பதுதான் இதிலுள்ள துக்கம்.

காரணத்தை ஆராய்வோம். தொலைக்காட்சிக் கம்பியின் வழியே இணையம் தரும் முறையில் ஒரு தெருவுக்கோ பல தெருக்களுக்கோ ஒரே கம்பி பொதுவாகச் செல்கிறது. மரத்தினின்று கிளைகள் பிரிவது போல் அதனின்றும் வீட்டுக் கம்பிகள் பிரிகின்றன. வாய்க்காலில் ஓடும் நீர் ஒன்றே. மடை திறப்போர் பலர். காலையில் இரண்டு மடை திறந்திருக்கிறது; இரவு எட்டு மணிக்கு எல்லா மடைகளும் திறக்கின்றன. கடைமடைக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் செங்கற்பட்டு ஜில்லா விவசாயிக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அன்றியும், அந்தச் செப்புக் கம்பியில் சமிக்ஞை தளர்ந்து போகாதிருக்க இடையிடையே கம்பங்களில் ஊக்கிப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால், வீட்டில் மின்கலம் வைத்திருப்பவனுக்கும் இணையம் நின்றுவிடும். கடலோரத்தில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரித்து விடுகிறது. மழைத்துளி அதில் புகுந்ததும் கதை முடிகிறது.

இப்போது கண்ணாடி இழைக் கம்பி பல இடங்களிலும் வந்துவிட்டதே என்பர். வாஸ்தவம். இழையில் உப்பு ஏறாது. மழையும் அதை ஒன்றும் செய்யாது. நடுவில் ஊக்கிப் பெட்டியும் வேண்டாம். ஆயினும் அங்கும் பங்கீடு உண்டு. வழக்கமான ஏற்பாட்டில் ஓர் இழை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கப்படுகிறது. அந்த இழையில் இறங்கி வருவது வினாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட். 64 வீடுகளுக்கும் தலைக்கு 100 மெகாபிட் என்று விற்றால் விற்ற கணக்கு 6,400 ஆகிறது! எல்லோரும் ஒரே வினாடியில் முழு அளவையும் இழுப்பதில்லையாதலால் இதில் மோசம் ஒன்றுமில்லை. ரெயில்வேயிலும் மின்சார இலாகாவிலும் இத்தகைய கணக்கு உண்டு. மோசம் எங்கேயென்றால், அந்தத் தெருவினின்று நகரத்துக்குச் செல்லும் மேல்கம்பியை இன்னும் ஒடுக்கமாக வாங்கி, அதன்மேல் நூற்றுக்கணக்கான வீடுகளை ஏற்றும் சிக்கனத்தில்தான் இருக்கிறது. வீட்டு வாசலில் இழையைக் காட்டி விளம்பரம் செய்கிறார்கள். இழையின் மறுமுனையில் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்பதைச் சந்தாதாரருக்குச் சொல்வார் இல்லை.

மின்கம்பங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கம்பிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ஆம் ஆண்டு டிஸம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டோஸ் புயல் மாமல்லபுரத்துக்கருகே கரை கடந்தது. 2016 டிஸம்பரில் வார்தா, 2020 நவம்பரில் நிவர், 2023 டிஸம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பரின் முடிவில் பெஞ்சால் என, இந்தக் கடற்கரையோ இதன் அண்டைக் கடற்கரையோ புயலுக்கு ஆட்படாத ஆண்டுகள் அரிதாகி வருகின்றன. மரம் சாய்ந்தால் கம்பம் சாய்கிறது. கம்பம் சாய்ந்தால் அதிலுள்ள எல்லாக் கம்பெனிகளின் கம்பிகளும் ஒருங்கே அறுகின்றன. மூன்று கம்பெனிகள் இருக்கின்றன, ஆகவே போட்டி இருக்கிறது என்று நகரவாசி நினைக்கிறான். மூன்றும் ஒரே கம்பத்தில் தொங்குகின்றன என்பதைப் புயலன்று காண்கிறான். பூமிக்கடியில் குழாய் புதைத்து, அதில் எல்லாக் கம்பெனிகளும் வாடகை கொடுத்து இழை செலுத்துவதென்ற ஏற்பாட்டைக் கடற்கரைச் சாலை நெடுகிலும் செய்ய சர்க்கார் முற்பட்டிருந்தால், ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே சாலையைத் தோண்டும் அலங்கோலமும் நீங்கும்.

இங்கே தெருவாரியான கேபிள் ஆபரேட்டர்களுக்கு நியாயம் செய்ய வேண்டியது நமது கடமை. ஜனங்களின் வசவு முழுதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. 1990-களில் வீட்டு மாடியில் தட்டு ஏற்றி, கைக்காசு போட்டுக் கம்பி இழுத்து, கடனோடு தொழில் தொடங்கியவர்கள் இவர்களே. 1995-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் இயற்றிய கேபிள் சட்டம் இவர்களைத் தபாலாபீஸில் பதிந்துகொள்ளச் சொல்லிற்றேயன்றி வேறு பாதுகாப்பு எதுவும் அளிக்கவில்லை. பின்னர் பெரிய கம்பெனிகள் நடுவே புகுந்து, சமிக்ஞையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு இவர்களை வசூல்காரர்களாக்கின. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மறுபடி தொடங்கப்பட்டபோது, தனியார் ஏகபோகம் ஒன்று சிறிது ஆட்டம் கண்டது உண்மை. ஆனால் ஆபரேட்டரின் நிலை வசூல்காரன் நிலையாகவே இருந்தது. இணையத்திலும் இன்று அதே கதைதான். கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில். கம்பத்தில் ஏறுபவன் கூலியோ சிறிய எழுத்தில். ஓர் ஆபரேட்டர் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, அந்த ஆட்களும் சாதாரண கயிற்றைத் தவிர வேறு காப்பின்றி மின்கம்பத்தில் ஏற, நான்கு கிராமங்களின் குறைகளை ஒரே நாளில் எங்ஙனம் தீர்ப்பார்? சந்தாதாரர் இவர்மீது சீறுவதை விடுத்து, இவருக்கு ஆளும் பொருளும் மறுக்கும் மேலிடத்தின்மீது சீறுவாராயின் பயனுண்டு.

ஆபரேட்டர்களும் தம் பங்குக்குப் பழியற்றவர்கள் அல்லர். இந்தத் தெரு என்னுடையது, அந்தத் தெரு அவனுடையது என்று தங்களுக்குள் எல்லை வகுத்துக்கொள்வதும், புதிய கம்பெனியின் ஆட்களை உள்ளே விட மறுப்பதும், சில இடங்களில் உள்ளூர்க் கட்சிப் பிரமுகர்களின் தயவால் அந்த எல்லையைக் காத்துக்கொள்வதும் யாவரும் அறிந்தவை. நாவலூர், கேளம்பாக்கப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் இதன் நாகரிக உருவத்தைக் காணலாம். கட்டியவர் ஒரு கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொள்கிறார். குடியேறியவர் வேறு கம்பெனியை அழைத்தால் வாசற்காவலன் தடுக்கிறான். கைப்பேசிக்கு 2011-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாடெங்கும் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் உரிமை உண்டு. வீட்டு இணையத்திலோ மாறுவதென்றால் முன்பணத்தை இழக்க வேண்டும், புதுக் கம்பிக்கும் பெட்டிக்கும் பணம் கட்ட வேண்டும், நடுவில் சில நாட்கள் இணையமின்றி இருக்க வேண்டும். கால்களில் தளையைப் பூட்டிவிட்டு, “இஷ்டமில்லாவிட்டால் போகலாமே” என்பது எவ்விதச் சுதந்திரம்?

விலைப் போட்டியைக் கண்டு மயங்குவோருக்குத் தமிழ்நாட்டுச் சரித்திரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1906-ஆம் ஆண்டில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் குடை தருவதாகவும் ஆசை காட்டிற்று. ஸ்வதேசிக் கம்பெனி அழிந்தபின் கட்டணம் என்னவாயிற்று என்று கேட்க வேண்டுமோ? நம் காலத்தில் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு புதுக் கம்பெனி கைப்பேசி இணையத்தைச் சில மாதங்கள் இலவசமாகவே வழங்கிற்று. ஜனங்கள் ஆனந்தித்தனர். 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த ஏர்செல் கம்பெனி சாய்ந்தது. அதன் சந்தாதாரர்கள் எண்ணை மாற்றிக்கொள்ள வழியின்றிக் கடை வாசல்களில் நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு வேறிரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தன. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் எஞ்சிய மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் 10 முதல் 25 சதவீதம் வரை கட்டணத்தை உயர்த்தின. இன்று கம்பி வழி இணையத்தில் ஊர்தோறும் உள்ள சிறு கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகள் இலவச மாதங்களாலும் இலவசப் பெட்டிகளாலும் நெருக்குவதைப் பார்க்குமிடத்து, குடை மறுபடி விரிகிறது என்றே தோன்றுகிறது.

ஜனங்களின் சொத்தான பாரத் சஞ்சார் நிகம் இந்நிலையில் துணை நிற்க வேண்டும். கடற்கரைக் கிராமங்களில் தொலைபேசி நிலையமும் நிலமும் கம்பியும் அதற்கு உண்டு. ஆனால் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முடிவில் நாடெங்கும் 78,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வென்ற பெயரால் ஒரே நாளில் வெளியேறினர். கம்பத்தையும் குழியையும் மனப்பாடமாக அறிந்தவர் அவருள் எத்தனை பேர்! இழை வழி இணைப்பைத் தனியார் கூட்டாளிகளைக் கொண்டு அது நடத்தி வருகிறது. ஆகையால், சர்க்கார் கம்பெனியிடம் போனாலும் சந்தாதாரர் கடைசியில் வந்து சேர்வது அந்தத் தெரு ஆபரேட்டரிடமேயாம்.

இனி, விதிகளுக்கு வருவோம். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ட்ராய் என்று வழங்குவது, உறங்கிக்கொண்டிருந்தது என்று கூறுவதற்கில்லை. 2006-ஆம் ஆண்டிலேயே அகலக்கற்றைச் சேவையின் தரத்துக்கு அது விதி செய்தது. தெரிவித்த குறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் மறுநாள் வேலை நேரத்துக்குள் தீர வேண்டும். விற்ற வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும். சந்தாதாரரில் 85 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சேவையின் தரத்தில் திருப்தி கொண்டிருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. மூன்று வேலை நாட்களுக்குமேல் குறை தீராதிருந்தால் ஏழு நாள் சந்தாவையும், ஏழு நாட்களுக்குமேல் சென்றால் பதினைந்து நாள் சந்தாவையும், பதினைந்தையும் தாண்டினால் ஒரு மாதச் சந்தாவையும் திருப்பித் தரவேண்டுமென்ற ஷரத்தும் அதில் இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பழைய விதிகளை ஒன்றாக்கிப் புதிய விதிகள் பிறந்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியினின்று அமலுக்கு வந்தன. மூன்று நாட்களுக்குமேல் தீராத குறைக்குச் சந்தாக் கழிவு உண்டு என்பது அவற்றிலும் இடம்பெற்றது. அபராதத் தொகைகளும் உயர்ந்தன.

இந்தக் கழிவைப் பெற்றவர் யாரேனும் நேயர்களுள் உளரா? எமக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருவரும் இலர். பெரும்பாலோர் அப்படி ஒன்று உண்டென்றே கேள்விப்பட்டதில்லை.

இப்போதுதான் அந்த நக்ஷத்திரச் செய்தியின் தந்திரம் விளங்கும். மூன்று நாள் கணக்கு, குறையைத் தெரிவித்த நேரத்தினின்று தொடங்கி அது தீர்ந்ததாக ஏட்டில் எழுதும் நேரத்தோடு முடிகிறது. இரண்டாம் நாளே தீர்ந்தது என்று எழுதிவிட்டால் மூன்றாம் நாள் என்பதே இல்லை. மறுபடி கூப்பிட்டால் அது புதுக் குறை, புது எண், புதுக் கணக்கு. பத்து நாள் இருளில் இருந்த வீடு, ஏட்டில் ஐந்து முறை உடனுக்குடன் கவனிக்கப்பட்ட வீடாகக் காட்சியளிக்கிறது. கழிவும் இல்லை, அபராதமும் இல்லை, மேலும் சேவைத் தரத்துக்கு நற்சாக்ஷிப் பத்திரம் வேறு!

தந்திரம் இதனோடு நிற்கவில்லை. நாட்டை 22 வட்டாரங்களாகப் பிரித்து உரிமம் வழங்கியுள்ள முறையில், சென்னைப் பட்டணம் உட்படத் தமிழ்நாடு முழுதும் ஒரே வட்டாரம். ஒரு கம்பெனிக்கு வரும் குறைகள் ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம்; அவற்றுள் 950 சென்னை, கோயமுத்தூர் போன்ற நகரங்களில், 50 நமது கடற்கரைக் கிராமங்களில். நகரத்தவை எல்லாம் மறுநாளே தீர்ந்து, கிராமத்தவை ஒன்றுகூட மறுநாள் தீராவிட்டாலும் கம்பெனி நூற்றுக்கு 95 பெற்று முதல் வகுப்பில் தேறிவிடும். சராசரி என்பது கடைமடைக்காரனை மறைக்கும் திரை. தாலூகாவாரியாகக் கணக்கு வெளியிட வேண்டும் என்று ஆணையத்தைக் கேட்பதற்கு நமது பிரதிநிதிகளில் யாரும் முற்பட்டதாகக் காணோம். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செய்யூர்த் தாலூகாக்களின் கணக்கைத் தனியே அச்சிட்டால் அப்போது தெரியும் சங்கதி.

ஆணையத்திடம் நேரே முறையிடலாமே என்பாருக்கு ஒரு செய்தி. தனி மனிதர் புகாரை அது விசாரிப்பதில்லை. கம்பெனிக்கே அனுப்பி வைக்கும். எவன்மீது புகாரோ அவனிடமே புகார் திரும்புகிறது. 2012-ஆம் ஆண்டு விதிப்படி முதலில் கம்பெனியின் புகார் மையம். அதில் திருப்தியில்லையெனில் மேல்முறையீட்டு அதிகாரி. அந்த மேல்முறையீட்டு அதிகாரியும் கம்பெனியின் ஆளே.

நியாயஸ்தலத்தின் கதவு ஒரு காலம் மூடியிருந்தது. 1885-ஆம் ஆண்டில் அந்நிய ஆட்சியில் செய்யப்பட்ட தந்திச் சட்டத்தில், தந்தி அதிகாரிக்கும் ஜனங்களுக்கும் இடையே எழும் வழக்கு மத்தியஸ்தர்முன் செல்லவேண்டுமென்று 7-பி என்ற பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டிருந்தது. 2009-ஆம் ஆண்டில் கிருஷ்ணன் என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவைக் காட்டி, தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தனியார் கம்பெனிகள் பல்லாண்டுகள் தப்பி வந்தன. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, வோடபோன் ஐடியா கம்பெனிக்கும் அஜய் குமார் அகர்வால் என்பவருக்கும் நடந்த வழக்கில் அதே கோர்ட்டு அந்தக் கேடயத்தைப் பிடுங்கிவிட்டது. 7-பி பிரிவு இருந்தபோதிலும் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டென்பது அதன் முடிவு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சேவை என்பதில் தொலைத்தொடர்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்ட உரிமைக்குப் பாதகமில்லை என்று கூறுகிறது.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இதை நேயர்களுக்கு அழுத்திக் கூற விரும்புகிறோம். கம்பெனியின் தலைமையிடம் பம்பாயில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும், குடியிருக்கும் இடத்திலேயே வழக்கிடலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் புதுமை. நமது ஜில்லாவின் நுகர்வோர் ஆணையம் செங்கற்பட்டிலேயே இருக்கிறது. 5 லக்ஷம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. எமது தொழில் சகோதரர்கள் இதை அச்சிட்டதற்காக எம்மைக் கோபித்துக்கொள்ளாதிருப்பார்களாக. வேண்டுவது சாக்ஷியம். குறை சொன்ன ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் எண், அன்றைய தேதி, தீர்ந்தது என்று பொய்யாக வந்த செய்தி, அந்த நேரத்தில் சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டும் புகைப்படம், இந்நான்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் கம்பெனியின் ஏட்டுக்கு எதிரேடு கிடைத்துவிடும்.

பிறநாடுகளில் எப்படியென்று பார்ப்போம். அமெரிக்காவிலும் கேபிள் கம்பெனிகள் ஜனங்களின் வசவுக்கு நெடுங்காலமாக ஆளானவையே. அந்நாட்டுத் திருப்திக் கணக்குகளில் அவை கடைசி வரிசையிலேயே உட்கார்ந்து வந்திருக்கின்றன. அங்கே டென்னஸி மாகாணத்துச் சாட்டனூகா என்னும் ஊரின் மின்சார சபை, கேபிள் கம்பெனிகளின் வழக்குகளையும் எதிர்த்து நின்று, தானே இழை இழுத்து, 2010-ஆம் ஆண்டில் வினாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தை ஊர் முழுதுக்கும் கொடுத்தது. பின்லாந்து அதே ஆண்டு ஜூலையில் ஒரு மெகாபிட் இணைப்பை ஒவ்வொரு பிரஜைக்கும் சட்டப்படியான உரிமையாக்கிற்று. பிரிட்டனில் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொண்டு நடத்தும் ஏற்பாடு நமக்கு மிகவும் பொருத்தமானது. இரண்டு முழு வேலை நாட்களுக்குள் குறை தீராவிட்டால் நாளொன்றுக்கு 8 பவுன் வீதம், வருவதாகச் சொன்ன ஆள் வராவிட்டால் 25 பவுன் என்று தொடக்கத்தில் நிர்ணயித்தார்கள். அதிலுள்ள விசேஷம் தொகையில் இல்லை. சந்தாதாரர் கேட்காமலே அது அவர் கணக்கில் சேர்கிறது என்பதே விசேஷம். நம் நாட்டிலோ கழிவு என்பது கேட்டவனுக்கு மட்டும், கேட்டவனுக்கும் இழுபறி.

தமிழ்நாட்டு சர்க்கார் 12,525 கிராமப் பஞ்சாயத்துக்களுக்கும் கண்ணாடி இழை கொண்டு செல்லும் வேலையை டான்பிநெட் என்னும் நிறுவனத்தின் வசம் ஒப்புவித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் அதன் டெண்டர் ஷரத்துக்கள்மீது ஆக்ஷேபம் எழுந்து, மத்திய சர்க்கார் தலையிட்டு, டெண்டரே ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அண்டை மாகாணமான கேரளம் 2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி தனது கேபோன் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. இழை பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் வரை வந்து சேர்ந்துவிட்டால் ராமராஜ்யம் வந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அந்த வாசலினின்று மீனவர் குப்பத்துக் கடைசி வீடு வரை செல்வதை எவர் கையில் கொடுக்கப் போகிறார்கள்? தெரு எல்லை வகுத்துக்கொண்டுள்ள அதே ஆட்களின் கையிலா, அல்லது பல கம்பெனிகளும் சமமான வாடகைக்கு வாங்கத்தக்க பொது வழியாகவா? பஞ்சாயத்துக்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உடையவை.

கிராம சபைகள் ஆண்டில் ஆறு முறை கூடுகின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகள் யாவரும் அறிந்தவை. தேச ஊழியர்கள் அடுத்த சபைக்குள் தத்தம் கிராமத்தில் பத்து வீடுகளின் நோட்டுப் புத்தகத்தையேனும் சேகரித்து, எந்தத் தேதியில் இணையம் நின்றது, எத்தனை நாள் நின்றது, கழிவு கிடைத்ததா என்பதைச் சபையில் படித்து நடவடிக்கைப் புத்தகத்தில் பதியச் செய்வார்களாக. பஞ்சாயத்து இழை எப்போது உயிர்பெற்றது, அதில் எத்தனை வீடுகள் சேர்ந்துள்ளன, கம்பங்களில் எந்தெந்தக் கம்பெனியின் கம்பிகள் யாருடைய அனுமதியின்மேல் தொங்குகின்றன என்ற மூன்று கேள்விகளையும் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே பெற வேண்டும். அந்த நடவடிக்கைகளின் நகலை எமக்கு அனுப்புவோருக்கு இப்பத்திரிகையில் இடம் உண்டு.